பர்ஸோன் சார்ட்: ரோத்தாங் தாண்டுவதற்காக டெல்லியில் அலைந்த ஒரு வியாழக்கிழமை

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "அக்கா, கைக்குழந்தையோட லஹௌல் போறோம். ஒரு ஆப் பனி விழும்னு சொல்லுது, இன்னொண்ணு பளிச்சுனு வெயில்னு சொல்லுது. எதை நம்பறது?" இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கைக்குழந்தை என்று படித்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இந்த இரண்டு ஆப்களின் முன்னோர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டெல்லியில் ஒரே நாளில் நாற்பத்தொரு கிலோமீட்டர் அலைந்தவள் நான். அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதிலும் கூடவே வந்துவிடும்.

எண்பதுகளின் கடைசி. தீபாவளிக்கு முந்தைய வாரம். நான் டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவர் தங்கராஜ் மலைச்சாலை போடும் வேலையில் இன்ஜினியர். அவருக்கு இமயமலையில், ரோத்தாங் கணவாய்க்கு அந்தப்பக்கம், லஹௌலில் இருக்கும் கேலாங்கில் போஸ்டிங். கணவாய் பதிமூன்றாயிரம் அடி உயரம். பனி கொட்டி மூடிவிட்டால் அந்தப்பக்கம் இருப்பவர்கள் அடுத்த மே, ஜூன் வரை அந்தப்பக்கம்தான். முந்தைய குளிர்காலத்தில் அவர் அப்படி மாட்டிக்கொண்டபோதுதான், மார்ச் மாதம், எங்கள் ஷீபா பிறந்தாள். பனி உருகியதும் ரோடு வேலை தொடங்கிவிடும், அப்போது யாருக்கும் லீவு கிடையாது. ஆக, ஏழு மாதக் குழந்தையை அவள் அப்பா போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. இந்தக் குளிர்காலமும் அங்கேதான், லீவு ஜூனில்தான் என்று எழுதியிருந்தார். கடைசி வரி: "கணவாய் மூடுறதுக்கு முன்னால நீ வர முடிஞ்சா வா. முடியலன்னா பரவால்ல." அந்தப் 'பரவால்ல' எனக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லாத மனுஷன் அதை எழுதமாட்டார். போவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

கணக்கு இப்படி: வியாழன் மாலை டெல்லியில் பஸ் ஏறினால் வெள்ளி காலை மணாலி. அங்கே ஒரு ராத்திரி. சனிக்கிழமை கணவாயைத் தாண்டிக் கேலாங். ஞாயிறு, திங்கள் இரண்டு முழு நாள் அவரோடு. செவ்வாய்க்கிழமை திரும்பக் கணவாயைத் தாண்டவேண்டும். ஆக எனக்கு வேண்டியது சனி, செவ்வாய் என்று இரண்டு நல்ல நாட்கள். போகும்போது பனி வந்தால் குழந்தையோடு உச்சியில் மாட்டுவேன். குழந்தை டாக்டர் அதற்கு மட்டும் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டார். "நல்ல நாளில் நிற்காமல் தாண்டு, இல்லையென்றால் போகாதே" என்றார். வரும்போது பனி வந்தால் வேலை போகும், ஜூன் வரை நானும் அந்தப்பக்கம். மேட்ரன் வேறு, லீவை வியாழன் மூன்று மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு ஆளை டூட்டியில் போடமாட்டேன் என்றுவிட்டார்.

நான் குடியிருந்தது சரோஜினி நகரில், ராகவன் சார் குவார்ட்டர்ஸின் பின்னறையில். மன்னார்குடிக்காரர், என் வயதுதான் இருக்கும். லோதி ரோடு பக்கம் வானிலை சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர், ஆனால் எதையும் அடித்துச் சொல்லமாட்டார். அவர் மனைவி, மாமி, "சாப்பிட வரேளா?" என்று கேட்டால்கூட "வாய்ப்பு இருக்கு" என்பார்.

புதன்கிழமை நான் நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் பிடித்துக் கேட்டேன். "சார், சனிக்கிழமை நான் பிள்ளையத் தூக்கிட்டுப் போகலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"சிஸ்டர், அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரு வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் வர வாய்ப்பு இருக்கு. வராமப் போகவும் வாய்ப்பு இருக்கு."

வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்பது மேற்கே ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழல். குளிர்காலத்தில் இமயமலையில் பனி கொட்டுவது அதனால்தான். "எப்ப வரும்?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "நாங்க போடற கம்ப்யூட்டர் கணக்கு ரெண்டு நாளைக்குத்தான் வரும். ஆறு நாளைக்கு வேணும்னா ஐரோப்பாக்காரா அனுப்பற சார்ட் எங்ககிட்ட வரது. அமெரிக்காக்காராளோடது பாலம் ஏர்போர்ட் பக்கத்து ஆபீஸுக்கு வரது. ரெண்டையும் நீங்களே பார்த்துக்குங்கோ, நான் சீட்டு எழுதித் தரேன்" என்றார்.

கம்ப்யூட்டர் மாதிரி, அதாவது மாடல், என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இன்றைக்குக் காற்றும் அழுத்தமும் எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று உள்ளே கொடுத்தால், நாளைக்கு எப்படி, ஆறு நாள் கழித்து எப்படி என்று அது கணக்குப் போட்டுப் படம் வரையும். ஆளாளுக்கு ஒரு விதமாகக் கணக்குப் போடுவதால் விடையும் ஆளாளுக்கு மாறும். இப்போது உங்கள் ஆப்களுக்குள் இருப்பதும் இதுதான். நீங்கள் விரலால் தள்ளிப் பார்க்கிறீர்கள், நான் பஸ் ஏறிப் போனேன்.

வியாழன் காலை எட்டுக்கு டூட்டி முடிந்தது. ஷீபா மாமியிடம் இருந்தாள். தூங்கப் போகவில்லை, முகம் கழுவி, காண்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு, வார்டிலிருந்து நாலு டி.பி.ஆர். தாள்களை எடுத்துக்கொண்டேன். நோயாளியின் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் நேரப்படி குறிக்கும் கட்டம் போட்ட தாள் அது. மேலே 'நோயாளியின் பெயர்' என்ற இடத்தில் 'ரோத்தாங்' என்று எழுதினேன். கூடவே படத்தை ஒற்றியெடுக்க ஒரு சுருள் பட்டர் பேப்பர், ஒரு பென்சில்.

லோதி ரோடு நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு ரூபாய். எட்டு நாற்பத்தைந்துக்குப் போய்விட்டேன், ஆனால் புதுச் சார்ட் பத்து மணிக்குத்தான் வெளியே வரும் என்றார்கள். ஒன்றேகால் மணி நேரம் வராந்தாவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ராகவன் சார் ஷிப்டில் உள்ளே இருந்தார், ஒரு மணிக்கு முன்னால் வெளியே வர முடியாது. கண்ணாடிக் கதவு வழியாகக் கை காட்டி, ராம்ப்ரசாத் என்ற பியூனிடம் என்னைக் கவனிக்கச் சொன்னார்.

ராம்ப்ரசாத் மரியாதையான ஆள். எனக்கு நாற்காலி போட்டு, விசிறியைத் திருப்பிவிட்டு, "போலியே பெஹன்ஜி, கௌன்ஸா சாஹியே?" என்றார், எந்தச் சார்ட் வேண்டும் என்று. டெல்லிக்கு வந்து மூன்று வருஷம், என் இந்தி மேல் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சனிக்கிழமை என்றால் வியாழனிலிருந்து நாளை மறுநாள். "பர்ஸோன் கா சார்ட் தீஜியே, பையா" என்றேன். பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "மங்கள்வார் கா பீ" என்றேன், செவ்வாய்க்கிழமையுடையதும் வேண்டும் என்று. அவர் அதே தாளைத் தட்டி, "யஹி தோ ஹை!" என்றார். இதுதானே அது என்று அர்த்தம். சனிக்கிழமை இருக்கும் அதே நிலைமைதான் செவ்வாய்க்கிழமையும் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

தாளை மடியில் விரித்தேன். வடமேற்கில், காஷ்மீருக்கு மேலேயே, கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கி ஆழமாக ஒரு வளைவு. இது வந்தால் பனி என்று ராகவன் சார் முந்தின நாள் எனக்குக் கையால் வரைந்து காட்டிய அதே வளைவு. தேதி எழுதியிருக்க வேண்டிய கீழ் ஓரத்தில் மசி பரவிக் கருப்பாக இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டர் பேப்பரைப் போட்டு, கோடு கோடாக இழுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. டி.பி.ஆர். தாளில் சனிக்கட்டத்திலிருந்து செவ்வாய்க் கட்டம்வரை சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு.

மணி பத்து ஐம்பது. அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வார்டில் ஒரு தெர்மாமீட்டர் நூற்றைந்து காட்டினால் இன்னொன்றை வைத்துப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட மாட்டோம். பாலத்துக்குப் போவது என்று எழுந்தேன். (ஊரில் பாலம் ஏர்போர்ட் என்று எழுதினால், எந்தப் பாலம், எந்த ஆற்றுக்கு மேலே என்று அம்மா பதில் கடிதம் போடுவாள். இது ஊர்ப் பெயர்.)

வழியில் மூன்று கிலோமீட்டரில் ஐ.என்.ஏ. மார்க்கெட். அங்கே இறங்கி, நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடும் சாம்பார்ப் பொடியும் அப்பளமும் வாங்கினேன். தாள் முழுக்கச் சிவப்பை வைத்துக்கொண்டு கருவாடு வாங்குகிறோமே என்று எனக்கே தோன்றியது. வாங்கினால்தான் போவேன் என்று ஒரு வீம்பு.

பதினொன்றரைக்கு ஆட்டோ. பாலம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஓட்டியவர் வயதான சர்தார்ஜி. தௌலா குவான் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "மகளே, என் வண்டியில ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

"மீன் ஜி. காய வெச்ச மீன். என் வீட்டுக்காரருக்கு."

"அவர் எங்கே?"

"கேலாங்ல."

கேலாங் என்றதும் சர்தார்ஜிக்கு மீன் நாற்றம் மறந்துபோனது. அவர் தம்பி லடாக்கில் லாரி ஓட்டுகிறவராம். பாலத்தில் காத்திருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு போக ஒப்புக்கொண்டார், போகவர நாற்பது ரூபாய் பேசினோம்.

பாலம் அலுவலகத்தில் டூட்டியில் இருந்தவர் தாஸ் என்ற வங்காளி. ராகவன் சாரின் சீட்டைப் படித்துவிட்டு, அமெரிக்க மாதிரியின் ஆறு தாள்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். அவர் பேசியது ஆங்கிலம். வெள்ளி தெளிவு. சனி தெளிவு. ஞாயிறு, திங்கள் தெளிவு. செவ்வாய் பகலும் தெளிவு. ஒரு வளைவு மேற்கிலிருந்து நகர்ந்து வந்து, செவ்வாய் இரவுக்கு மேல்தான் காஷ்மீரைத் தொட்டது.

இதென்ன கூத்து? ஒன்று நாலு நாளும் பனி என்கிறது, ஒன்று நாலு நாளும் வெயில் என்கிறது. என் பட்டர் பேப்பரை எடுத்துக் காட்டினேன். தாஸ் பார்த்துவிட்டு, "இரண்டு மாதிரிகள் ஐந்தாம் நாளில் சண்டை போடும், ஆறாம் நாளில் போடும். இரண்டாம் நாளிலேயே இவ்வளவு போடாது சிஸ்டர்" என்றார். "எங்கேயோ தப்பு இருக்கிறது. உங்கள் காகிதத்திலோ, என் காகிதத்திலோ."

அவர் டீ சொல்லப் போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடந்துபோன நாட்களின் சார்ட்களைக் கையால் வரைந்து, நாளுக்கு ஒன்றாகக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு. செவ்வாய்க்கிழமைத் தாளைப் பார்த்ததும் காலையில் முப்பத்தைந்து நிமிஷம் நான் இழுத்த கோடுகள் கைக்கு ஞாபகம் வந்தன. இரண்டு அலுவலகமும் ஒரே அளவில் அச்சடித்த வரைபடத்தில்தான் வரைகிறார்கள். பட்டர் பேப்பரைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். கிட்டத்தட்டக் கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தது.

தாஸ் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வந்து நின்றார். "எந்த மாதிரியும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நீங்கள் வரைந்திருப்பது ஜோசியம் இல்லை சிஸ்டர், நடந்து முடிந்த சமாச்சாரம். முந்தாநாள் காஷ்மீரில் கொட்டிவிட்டு அது திபெத்துக்குப் போய்விட்டது." அந்த வாரம் முழுக்க நைட் டூட்டி பார்த்து, பகலில் தூங்கி, நான் ஒரு பேப்பரும் படித்திருக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பர்ஸோன்! நாம் நாளன்றைக்கு என்று ஒன்று, முந்தாநாள் என்று ஒன்று, தனித்தனியாக வைத்திருக்கிறோம். இந்தியில் இரண்டுக்கும் பர்ஸோன்தான். வார்டில் நோயாளி பேசும்போது வந்தது, வரும் என்று வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மூன்று வருஷமாக எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. "பர்ஸோன் கா சார்ட்" என்பதில் வினைச்சொல்லே இல்லை. நான் நாளன்றைக்கு என்று கேட்டேன், ராம்ப்ரசாத் முந்தாநாள் என்று கொடுத்தார். வியாழக்கிழமையன்று முந்தாநாள் செவ்வாய். அதனால்தான் மங்கள்வார் என்றதும் அதே தாளைத் தட்டி "இதுதானே" என்றார். மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்! இந்தியில் புலி என்று நினைத்துக்கொண்டிருந்த நான்தான் கோட்டை விட்டது. கொஞ்சம் விட்டிருந்தால் அந்த ஒரு வார்த்தையால் என் பிள்ளையின் பயணமே நின்றுபோயிருக்கும்.

டீயை நின்றபடியே குடித்துவிட்டு ஓடினேன். மணி பன்னிரண்டு ஐம்பது. "ஜல்தி, ஜி, ஜல்தி!" சர்தார்ஜி ரிங் ரோட்டில் பறந்தார். பதினைந்து கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிஷத்தில் கொண்டுவந்து விட்டார்.

ராம்ப்ரசாத் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும், "ஆப்னே ஹி தோ பர்ஸோன் கா மாங்கா தா!" என்றார், நீங்கள்தானே கேட்டீர்கள் என்று. அப்புறம் அவருக்கும் புரிந்து, ரொட்டியை வைத்துவிட்டு ஒரே சிரிப்பு. ஆறு தாளையும் அவரே எடுத்து வந்து, இந்த முறை ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து "ஆனே வாலா சனிச்சர், ஆனே வாலா இத்வார்" என்று, வரப்போகும் சனி, வரப்போகும் ஞாயிறு என்று, எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ராகவன் சாரும் வெளியே வந்திருந்தார்.

ஐரோப்பியத் தாள்களில் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் தெளிவு. செவ்வாய் விடியும்போதே வளைவு காஷ்மீரில் வந்து நின்றது. அமெரிக்கத் தாளில் அது செவ்வாய் இரவுக்கு மேல். ஒரு பகல் வித்தியாசம். நான் திரும்பிவர வேண்டிய பகல் அது.

"சார், இதுல எது சரி?"

"ஐரோப்பாக்காரா கொஞ்சம் தேவலைன்னு எங்க ஆபீஸ்ல சொல்லுவா. ஆனா போன மாசம் ஒண்ணு அமெரிக்காக்காரன் சொன்ன மாதிரிதான் வந்துது. அதனால அடிச்சு..."

"சொல்ல முடியாது," என்று நான் முடித்தேன். அவர் முகம் சுருங்கியது, பாவம். "பொய் சொல்லச் சொல்றேளா சிஸ்டர்? தெரியாததைத் தெரியும்னு சொன்னா நீங்க குழந்தையோட மலையில நிப்பேள்" என்றார். அதுவரை அந்த 'வாய்ப்பு இருக்கு' எனக்குக் கேலியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர் பஸ்ஸில் வரும்போது டி.பி.ஆர். தாளில் சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு, இரண்டு மாதிரியையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். நாலு நாள் இரண்டும் ஒன்றாகவே போயின, அது போதும் கிளம்புவதற்கு. ஐந்தாம் நாளில் பிரிந்தன. இரண்டு தெர்மாமீட்டர் வேறு வேறாகக் காட்டினால், மோசமானதை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்போம். அப்படியானால் திங்கட்கிழமையே திரும்பிவிட வேண்டும். அவரோடு இரண்டு முழு நாள் என்பது ஒரு நாளாகக் குறைகிறது. ஒரு நாளாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு நாற்பதுக்கு மேட்ரன் கையெழுத்துப் போட்டார்.

சரோஜினி நகர் மூன்று கிலோமீட்டர், மூன்றரைக்கு வீடு. "சனி பஸ்ஸில் வருகிறேன், திங்கள் திரும்புகிறேன்" என்று அவருக்குத் தந்தி. மார்க்கெட்டில் குழந்தைக்குக் காது மூடும் கம்பளிக் குல்லா. மாமி தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். கருவாட்டுப் பையை மட்டும் தொடவில்லை, குச்சியால் நகர்த்தினாள். கஷ்மீரி கேட் பஸ் நிலையம் பதினாறு கிலோமீட்டர், ஆறு முப்பது பஸ். மணாலி ஐநூற்று எழுபது கிலோமீட்டர், பதினாறு மணி நேரம்.

சனி காலை ஆறு மணி பஸ்ஸில் மணாலியை விட்டோம். ஒன்பதரைக்கு ரோத்தாங் உச்சி. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஏறும்போது காது அடைக்காமல் இருக்கப் பால் கொடுத்துக்கொண்டே வந்தேன். மணாலியிலிருந்து கேலாங் நூற்றுப்பதினைந்து கிலோமீட்டர், இரண்டரைக்கு இறங்கினோம். அவர் ஓடிவந்து பிள்ளையை வாங்கினார். அவள் அந்தத் தாடியைப் பார்த்து ஊரே கூடும்படி அலறினாள். சனி முழுக்க அப்படித்தான். ஞாயிறு காலை தாடியை எடுத்துவிட்டு வந்தார், அப்போதும் அழுகைதான். ஞாயிறு சாயங்காலம் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருந்தாள்.

திங்கள் காலை ஆறரைக்குப் பஸ். நிலையத்தில் அவரைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து தானாகச் சாய்ந்து, இரண்டு கையையும் அவரிடம் நீட்டினாள். முதல் தடவை. அவர் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்புறம் மேலே பார்த்து, "வானத்தப் பாரு கிரேஸு, கண்ணாடி மாதிரி கெடக்கு. இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றார்.

"சார்ட்டுல நாளைக்கு விடியக்காலம் வருதுன்னு போட்டிருக்கு."

"இன்னொரு சார்ட்டு ராத்திரிக்கு மேலதான்னு சொல்லுதுன்னு நீதான சொன்ன?"

"பிள்ளைய வெச்சுக்கிட்டு நான் அத நம்ப மாட்டேன்," என்றேன். அவர் கையிலிருந்து குழந்தையைப் பிரித்து வாங்கினேன். அவள் அழுதாள், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

திங்கள் நல்லபடியாகத் தாண்டினோம். செவ்வாயும் பகல் முழுக்க வெயில். பனி விழத் தொடங்கியது புதன் விடியற்காலம், கணவாய் அதோடு மூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலேயே நான் வந்திருக்கலாம். அமெரிக்கக் கணக்குதான் சரியாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்வி. எந்த ஆப் என்று கேட்காதீர்கள், குறைந்தது இரண்டைப் பாருங்கள். படம் எந்தத் தேதியில் போட்டது, எந்தத் தேதிக்குப் போட்டது என்று இரண்டு தேதியையும் பாருங்கள். நான் பட்ட பாடு போதும். உலகப் பொது நேரத்தில் (UTC) போட்டிருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் எந்த நாள்வரை ஒன்றாகப் போகின்றனவோ அதுவரை திட்டம் போடுங்கள். பிரியும் நாளில், தனியாகப் போகிறீர்கள் என்றால் உங்கள் இஷ்டம். குழந்தையோடு என்றால் மோசமாகச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை வந்துவிட்டது, ஆனால் அதன் இரண்டு வாயிலும் பனி விழத்தான் செய்கிறது. ஒரு நாள் கூடுதலாக லீவும், குழந்தைக்குக் கூடுதலாகப் பாலும் கையில் இருக்கட்டும்.

அதே தாள்களை இன்றைக்கு என்னிடம் கொடுத்தாலும் திங்கட்கிழமைதான் கிளம்புவேன். முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த ஜூனில் அவர் வந்து இறங்கியபோது ஷீபாவுக்குப் பதினைந்து மாதம், நடந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் கூப்பிட்ட குரலுக்கு வர பதினொரு நாள் ஆனது. கேலாங்கில் இன்னும் ஒரு நாள் இருந்திருந்தாலும் அவள் மறந்துதான் போயிருப்பாள், ஏழு மாதக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும். அவருக்கு இருந்திருக்கும்.